கலப்புப் பாத்தியில் புதர் ரோஜா: துணைச்செடிகளோடு சேர்த்து வளர்க்கும் முறை

ரோஜாக்களை மட்டும் வரிசையாக நட்டு, இடையில் ஒரு புல்லும் முளைக்காதபடி மண்ணைக் கொத்தி வைத்திருக்கும் தோட்டம், பூக்கும் நாட்களில் கண்ணைப் பறிக்கும்; மற்ற நாட்களில் முள்ளும் குச்சியுமாக நிற்கும். பல்லாண்டுச் செடிகள், பருவப் பூச்செடிகள், அழகுப் புற்கள் ஆகியவற்றோடு புதர் ரோஜாவை ஒரே பாத்தியில் கலந்து வளர்த்தால் இந்தக் குறை தீரும். ஆனால் கலந்து நடப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் நெருக்கி நட்டுத்தான் முடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பாத்தியில் ரோஜாவின் தண்டை ஒட்டியே நெப்பெட்டா, சால்வியா என்ற ஊதாப் பூச்செடிகளை நட்டேன். முதல் ஆண்டு பார்க்க நிறைவாக இருந்தது. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் ரோஜாவின் கீழ்ப்பாதி முழுவதும் இலையுதிர்ந்து மொட்டையானது. துணைச்செடியின் பூ நிறம் ரோஜாவுக்குப் பொருந்துமா என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன், இரண்டுக்கும் தண்ணீர்த் தேவை ஒன்றுதானா, துணைச்செடியின் வேர் எவ்வளவு தூரம் ஓடும், அது வளர்ந்தபின் ரோஜாவின் அடியில் காற்றோட்டத்தை அடைக்குமா என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

ரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதர் ரோஜா என்பது தாவரவியல் வகுத்த தனிப் பிரிவு அன்று. அடியிலிருந்து பல கிளைகள் விட்டு, அகலமாகப் பரந்து, பெரும்பாலும் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ரோஜாக்களுக்குத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர். பூங்கொத்துக்காக வெட்டப்படும் ஹைப்ரிட் டீ வகை நீண்ட, விறைத்த காம்பின் நுனியில் ஒற்றைப் பூவை ஏந்தி நிற்கும். அந்த விறைப்பு பூச்சாடிக்கு அழகு. மற்றச் செடிகளுக்கு நடுவே நட்டால் ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியும். புதர் ரோஜாவின் கிளைகள் வளைந்து பக்கத்துச் செடியின் மேல் சாய்வதால்தான் அது கலப்புப் பாத்திக்கு ஏற்றதாகிறது.

இந்த வகைக்குள்ளும் குணங்கள் வெகுவாக மாறுபடும். 1937இல் வெளிவந்த 'பாலெரினா' சிறிய ஒற்றையடுக்குப் பூக்களைப் பெரிய கொத்துகளாகத் தரும் ஹைப்ரிட் மஸ்க் வகை. தேனீக்கள் மகரந்தத்தை எளிதில் எட்டும் அமைப்பு அதற்கு உண்டு. ஆங்கிலேய ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டின் 1961இல் வெளியிட்ட 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' பழங்கால ரோஜாவின் அடுக்கு இதழ்களைக் கொண்டது, ஆனால் ஆண்டுக்கு ஒரே முறைதான் பூக்கும். 1983இல் அவர் வெளியிட்ட மஞ்சள் நிற 'கிரஹாம் தாமஸ்' மீண்டும் மீண்டும் பூக்கும். வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' கரும்புள்ளி நோயைத் தாங்குவதிலும், வாடிய இதழ்களைத் தானே உதிர்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதிலும் பெயர் பெற்றது. மணம் எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். வெயில் கடுமையான பகுதிகளில் சீன ரோஜாவின் வழிவந்த 'முட்டாபிலிஸ்' நன்றாக நிற்கும். அதன் பூ வெளிர்மஞ்சளில் விரிந்து, இளஞ்சிவப்பாகி, அடர்சிவப்பில் முடிவதால் ஒரே செடியில் மூன்று நிறம் இருக்கும். சுருக்கம் விழுந்த இலைகளையுடைய ருகோசா வகைகள் மணற்பாங்கான மண்ணையும் உப்புக் காற்றையும் தாங்கும், ஆனால் வேரோடித் தளிர்விட்டுப் பரவும். சிறிய பாத்திக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

நாற்று வாங்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்: முழுதாக வளர்ந்தபின் உயரமும் அகலமும் எவ்வளவு, ஒருமுறை பூப்பதா அல்லது அடுத்தடுத்துப் பூப்பதா, ஒட்டுச்செடியா அல்லது தன் வேரிலேயே வளர்ந்த செடியா. முதல் விடை இடைவெளியைத் தீர்மானிக்கும். இரண்டாவது துணைச்செடிகளைத் தீர்மானிக்கும். இங்கிலாந்தின் மாட்டிஸ்ஃபான்ட் தோட்டத்தில் 1970களில் கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் (மேலே சொன்ன மஞ்சள் ரோஜாவுக்கு இவர் பெயர்தான்) பழைய ரோஜாக்களைத் திரட்டி நட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே பூப்பவை என்பதால், பல்லாண்டுப் பூச்செடிகளை ஊடே கலந்து பருவத்தை முன்னும் பின்னும் நீட்டினார். ஒருமுறை பூக்கும் ரகத்தை விரும்பி வாங்குகிறவர் அதே கணக்கைப் போட்டாக வேண்டும். மூன்றாவது விடை கவாத்தின்போது, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும்போது, தேவைப்படும்.

இடமும் மண்ணும்

ரோஜாவுக்கு நாள்தோறும் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும், அதிலும் காலை வெயில் மேலானது. இரவில் இலைமேல் படிந்த பனியை அது விரைவில் உலர்த்திவிடும். வெப்பம் மிகுந்த நாடுகளில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மெல்லிய நிழல் விழுவது இழப்பு அன்று. பூவின் நிறம் வெளுக்காமல் இருக்கும். பெரிய மரத்தின் வேர்ப்பரப்புக்குள் பாத்தி அமைப்பது வீண்வேலை.

மண்ணின் கார அமிலநிலை (pH) 6.0 முதல் 6.5 வரை இருந்தால் மிக நன்று. 7 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இலைநரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும் இரும்புச்சத்துக் குறை தோன்றும். வடிகாலை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. 30 செ.மீ. ஆழமும் அகலமும் உள்ள குழி தோண்டி, அதை நீரால் நிரப்பி முழுதும் வடியவிட்டு, மறுபடி நிரப்பி, நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். 2.5 செ.மீ.க்குக் குறையாமல் இறங்கினால் நடலாம். அதற்கும் குறைவு என்றால் குழியில் மணலைக் கொட்டிச் சரிசெய்ய முயலக் கூடாது, ஏனெனில் களிமண்ணில் தோண்டிய மணற்குழி சுற்றியுள்ள நீரை எல்லாம் தன்னிடம் வாங்கித் தேக்கிக்கொள்ளும்; பாத்தி முழுவதையும் 20 முதல் 30 செ.மீ. வரை மேடாக்குவதே வழி.

தோண்டும்போது ரோஜாவுக்கு மட்டும் குழி எடுக்காமல், பாத்தி முழுவதையும் ஒரே சீராக ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, மேலே 5 செ.மீ. கனத்துக்கு நன்றாக மட்கிய உரத்தைப் பரப்பிக் கலக்க வேண்டும். ரோஜாக் குழியை மட்டும் செழிப்பாக்கினால் பக்கத்துச் செடிகளின் வேர்கள் மணம் பிடித்தது போல அங்கேயே வந்து சேரும். பல ஆண்டுகள் ரோஜா இருந்த இடத்தில் பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்டால், அது காரணம் தெரியாமல் கூம்பி நிற்பது வழக்கம். வேறு இடம் இல்லையென்றால் நீள அகல ஆழம் மூன்றிலும் 45 செ.மீ.க்குக் குறையாமல் மண்ணை வெட்டி எடுத்து, ரோஜா வளராத இடத்து மண்ணால் நிரப்ப வேண்டும். எடுத்த மண் மற்றச் செடிகளுக்குக் கெடுதி செய்யாது.

அளந்து நடுதல்

கலப்புப் பாத்தியின் அகலம் 1.5 மீட்டருக்குக் குறைந்தால் அடுக்கு அமைக்க முடியாது. 2 மீட்டர் இருந்தால் வசதி. பாத்தி சுவரையோ வேலியையோ ஒட்டி இருக்குமானால், பின்புறத்தில் ஓர் ஆள் நுழையும் அளவு 45 செ.மீ. இடம் விடுவது அவசியம். முள்செடியைத் தாண்டி முன்பக்கத்திலிருந்து கையை நீட்டிக் கவாத்து செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த இடமே சுவருக்கும் செடிக்கும் இடையில் காற்று ஓடும் வழியாகவும் அமையும்.

இடைவெளியை முடிவு செய்ய நான் கயிற்றைப் பயன்படுத்துகிறேன். 1.2 மீட்டர் அகலம் வளரும் ரகம் என்றால், நடப்போகும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, 60 செ.மீ. கயிற்றைக் கட்டிச் சுற்றிவந்து சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுவிட வேண்டும். அதற்குள் இன்னொரு வட்டம், 40 செ.மீ. ஆரத்தில். உள்வட்டத்துக்குள் மூடாக்கை (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு போன்றவை) தவிர வேறு எதற்கும் இடமில்லை. இரண்டு வட்டங்களுக்கும் இடைப்பட்ட வளையத்தில் தரையோடு தரையாகப் படரும், வேர் ஆழமில்லாத செடிகளை மட்டும் நடலாம். வெளிவட்டத்துக்கு அப்பால்தான் உயர்ந்த துணைச்செடிகள். வட்டங்களைத் தரையில் வரைந்து பார்க்கும்போது பாத்தி வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றும். குச்சியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு செடி சொருகலாமே என்று கை பரபரக்கும். நகர்த்தாமல் இருந்துவிட வேண்டும்.

பாத்தி நீளமாக இருந்தால் ஒரே ரகத்தில் மூன்று செடிகளை முக்கோணமாக நடுவது, மூன்று ரகங்களில் ஒவ்வொன்றை நடுவதைவிடக் கண்ணுக்கு அமைதியாக இருக்கும். ஒரே ரக ரோஜாக்களுக்கிடையே 90 முதல் 120 செ.மீ. வரை விடலாம்.

நடும் முறை எளிது. தொட்டிச்செடியை அரை மணி நேரம் நீரில் அமிழ்த்தி வைத்து, வேர்க்கட்டியைவிட இருமடங்கு அகலமான குழியில், தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் வைக்க வேண்டும். சுற்றிச் சுருண்ட வேர்களை விரலால் பிரித்துவிடுவது நல்லது. ஒட்டுச்செடியானால், ஒட்டிய கணு எங்கே இருக்க வேண்டும் என்பது தட்பவெப்பத்தைப் பொறுத்தது: நிலம் உறையும் குளிர்நாடுகளில் மண்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே, உறையாத நாடுகளில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே. குழியை மூடி, காலால் மிதிக்காமல் கையால் அழுத்தி, ஒரு வாளி நீரைப் பொறுமையாக ஊற்றினால் மண் தானே இறங்கி வேரைப் பிடித்துக்கொள்ளும்.

துணைச்செடிகள்

ரோஜாவின் குறைகள் எவை என்று பார்த்தால் துணைச்செடிகள் செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிடும். அதன் அடிப்பகுதி மொட்டையாக இருக்கும். பூவும் புதரும் உருண்டையான வடிவம் கொண்டவை. பாத்தியில் நிமிர்ந்த கோடு எதுவும் இருக்காது. ஒரு சுற்றுப் பூ முடிந்து அடுத்த சுற்று வரப் பொதுவாக ஆறேழு வாரங்கள் ஆகும். அந்த இடைவெளி காலியாகத் தெரியும். இவற்றோடு, ரோஜாவில் மெய்யான நீலம் கிடையாது. நீலப் பூக்களுக்கு நிறம் தரும் டெல்ஃபினிடின் என்ற நிறமியை ரோஜாவின் உடல் உருவாக்குவதில்லை. 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, மரபணு மாற்றிய 'நீல' ரோஜாவும் பார்வைக்கு வெளிர் ஊதாதான். ஆகவே நீலமும் ஊதாவும் எந்த ரோஜாவோடும் போட்டியிடாமல் பொருந்துகின்றன. சிவப்பு, ஆரஞ்சு நிறத் துணைகளோடு இளஞ்சிவப்பு ரோஜாவை வைப்பதில்தான் மோதல் வரும்.

அடிப்பகுதியை மறைக்கும் வேலைக்கு மிதமான, குளிர்ந்த நாடுகளில் நெப்பெட்டாவும் பல்லாண்டு ஜெரேனியங்களும் சிறந்தவை. 'ரோஸேன்' என்ற நீல ஜெரேனியம் பல மாதங்கள் இடைவிடாமல் பூத்து, ரோஜாவின் கிளைகளுக்கு ஊடே மெல்ல ஏறிப் படரும். அதன் தண்டுகள் மெலிந்தவை என்பதால் காற்றை அடைக்காது. நெப்பெட்டா அப்படியன்று, முழு அகலம் வளர்ந்தால் ஒரு மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். முதற்பூ முடிந்ததும் அதைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மூன்று நான்கு வாரங்களில் புதிதாகத் தழைத்து, ரோஜாவின் இரண்டாம் சுற்றோடு சேர்ந்து பூக்கும். வெப்பநாடுகளில் இதே வேலையை அலிசம் குளிர்ந்த மாதங்களிலும், நீல விஷ்ணுக்கிராந்தியின் தோட்டவகை வெயில் மாதங்களிலும் செய்கின்றன.

நிமிர்ந்த கோட்டுக்கு சால்வியாவுக்கு நிகரில்லை. குளிர்நாட்டில் நெமரோசா வகைகள், வெப்பநாட்டில் ஃபாரினேசியா வகை, இரண்டும் நீல ஊதாக் கதிர்களைக் குத்திட்டு நிறுத்தும். ஆஞ்சலோனியாவும் கொளுத்தும் வெயிலில் தளராது. டிஜிடாலிஸ் பழைய ரோஜாக்களோடு மிக அழகாக நிற்கும் என்றாலும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. சிறு பிள்ளைகளும் செல்லப் பிராணிகளும் நடமாடும் தோட்டத்தில் தவிர்த்துவிடலாம். ஆர்னமென்ட்டல் அல்லியம் எனப்படும் அழகு வெங்காயம் ரோஜா பூக்கத் தொடங்கும் தறுவாயில் ஊதா உருண்டைகளைத் தூக்கி நிறுத்தும். அதன் இலைகள் பூக்கும்போதே பழுப்பாகி அசிங்கமாகத் தெரிவதால் ஜெரேனியத்துக்குப் பின்னால் புதைத்து வைப்பது உத்தி.

லாவெண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரோஜாவும் லாவெண்டரும் பிரியாத இணை என்று படங்கள் நம்பவைத்துவிட்டன. லாவெண்டர் வறண்ட, சத்துக் குறைந்த, நடுநிலையிலிருந்து சற்றுக் காரமான மண்ணை விரும்புவது. ரோஜா ஈரமும் உரமும் கேட்பது, மண் சற்று அமிலமாக இருப்பதை விரும்புவது. ரோஜாவுக்குப் பாய்ச்சும் நீரிலும் வைக்கும் உரத்திலும் லாவெண்டர் தளதளவென்று வளர்ந்து, பூ குறைந்து, நடுவில் பிளந்து, ஈரமான பருவத்தில் வேரழுகிச் சாகும். அந்த இணைதான் வேண்டும் என்பவர்கள் லாவெண்டரைப் பாத்தியின் விளிம்பில், ரோஜாவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கற்பொடி கலந்த மேட்டில் நட்டுச் சொட்டுக்குழாயை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டால் நடக்கும். எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்று பட்டதால், அதே நிறத்துக்கு நெப்பெட்டாவை வைத்துக்கொண்டேன்; மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

வெள்ளி நிற இலைகளுக்கு ஆர்டிமிசியா அல்லது ஸ்டாக்கிஸ் போதும். அடர்சிவப்பு ரோஜாவுக்கு அருகில் அவை ஒளி கூட்டும். அழகுப் புற்களில் பரவாமல் ஒரே குத்தாக வளர்பவை மட்டுமே ஏற்றவை. வேரோடிப் பரவும் எதையும் முள்செடியின் காலடியில் விடக் கூடாது, புதினா உட்பட. பூச்சியை விரட்டும் என்று சொல்லக் கேட்டு ஒருமுறை ரோஜாவின் பக்கத்தில் புதினா ஊன்றிவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முள்கிளைகளுக்குக் கீழே தலைகீழாகக் குனிந்து அதன் வேர்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தேன். ஒரு விரல் நீளத் துண்டு மண்ணில் தங்கினாலும் அது மறுபடி தழைத்தது.

முதலிரண்டு ஆண்டுகளில் தெரியும் வெற்றிடத்தை நிரப்பப் பருவச்செடிகள் போதும்: காஸ்மாஸ், ஜீனியா, வாடாமல்லி, துலுக்கச் சாமந்தி. இவை முடிந்ததும் போய்விடும் என்பதே இவற்றின் பெரிய வசதி. பிடுங்காமல் அடியோடு அறுத்தெடுத்தால் ரோஜாவின் மேல்வேர்கள் கலையாது.

நீர், உரம், மூடாக்கு

நன்கு வேர்பிடித்த ரோஜாவுக்கு வாரத்துக்கு 25 மி.மீ. மழைக்கு ஈடான நீர் தேவை என்பது பொதுக்கணக்கு. 60 செ.மீ. ஆரமுள்ள நம் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1.1 சதுர மீட்டர். ஆக ஒரு செடிக்கு வாரம் 28 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் இரண்டை வைத்து, வாரம் இருமுறை ஒன்றே முக்கால் மணி நேரம் திறந்தால் அந்த அளவு வந்துவிடும். மணற்பாங்கான மண்ணிலும் கடும் வெயிலிலும் இது போதாது. களிமண்ணில் இது மிகை. அளவைவிட விரலை நம்பலாம்: மூடாக்கை விலக்கி ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்து, நுனியில் குளிர்ச்சி தட்டினால் பாய்ச்ச வேண்டாம். கலப்புப் பாத்தியில் இந்தச் சோதனையைத் துணைச்செடியின் அடியிலும் செய்து பார்ப்பது பயன் தரும். ரோஜாவின் அடியில் ஈரமும் சால்வியாவின் அடியில் வறட்சியும் இருந்தால், சால்வியா விரைவில் ரோஜாவின் பக்கம் வேரை நீட்டும் என்று பொருள்.

எப்படிப் பாய்ச்சினாலும் நீர் இலைமேல் படக் கூடாது. குழாயைப் பிடித்து ஊற்றுபவர்கள் அதைக் காலையில் செய்ய வேண்டும்.

மூடாக்கு 5 முதல் 7 செ.மீ. கனம் போதும், தண்டை ஒட்டி ஒரு கையகலம் வெற்றிடம் விட வேண்டும். உரத்தைப் பொறுத்தவரை, கவாத்து முடிந்து தளிர் வரும்போது ஒருமுறை, ஒவ்வொரு பூச்சுற்றும் முடிந்தபின் ஒருமுறை, ரோஜாவின் வளையத்துக்குள் மட்டும் வைத்தால் துணைச்செடிகள் அளவுக்கு மீறிக் கொழுக்காது. காஸ்மாஸ் போன்றவை சத்து மிகுந்தால் இலையாக வளர்ந்து பூப்பதை மறந்துவிடும். தழைச்சத்து மிகுந்த உரம் ரோஜாவுக்கும் நல்லதன்று. அது தள்ளும் மெல்லிய தளிர்களைத்தான் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி முதலில் தேடி வரும்.

நோயும் பூச்சியும்

கரும்புள்ளி நோய் கலப்புப் பாத்தியின் முதல் எதிரி. இலையின் மேற்புறத்தில் ஓரம் பிசிறிட்ட கறுப்புப் புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி, இலை உதிரும். இந்தப் பூஞ்சையின் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். நெருக்கமாக நட்ட செடிகளுக்கு நடுவே ஈரம் காயாமல் நிற்பதால்தான் என் முதல் பாத்தி மொட்டையானது. உள்வட்டத்தைக் காலியாக வைத்தால், மழைபெய்த காலையில் ஒன்பது பத்து மணிக்குள் கீழிலைகள் உலர்ந்துவிடுவதைத் தொட்டுப் பார்த்தே உணரலாம். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது மருந்தடிப்பதற்கு நிகரான வேலை. தரையை மூடும் துணைச்செடிகளுக்குள் அவை சிக்கிக்கொள்வதால் இங்கே கூடுதல் கவனம் தேவை. சாம்பல் நோய் இதற்கு மாறானது. அதற்கு இலை நனைய வேண்டியதில்லை. வறண்ட பகலும் ஈரக்காற்று நிறைந்த இரவும் மாறிமாறி வந்தால் போதும், அதிலும் வேர் வறண்ட செடியை எளிதில் பிடிக்கும்.

அசுவினியைக் கண்டவுடன் மருந்தை எடுப்பது கலப்புப் பாத்தியின் பயனையே கெடுத்துவிடும். மொட்டுக்காம்பைச் சுற்றி அசுவினிக் கூட்டம் தெரிந்தால், கிட்டே போய் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே, காலில்லாத, பசுமை கலந்த சிறு புழு ஒன்று தலையை இப்படியும் அப்படியும் வீசித் துழாவி, ஓர் அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போடுவது தெரியலாம். அது மலரீயின் புழு. அதன் தாய் ஈ தேனையும் மகரந்தத்தையும் உண்பது. வாய் குட்டையானது என்பதால் அலிசம், கொத்தமல்லிப் பூ போன்ற ஆழமில்லாத சிறுபூக்களைத்தான் நாடும். அடுக்கு இதழ் ரோஜா அதற்கு உணவு தருவதில்லை. துணைச்செடிகள் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு உதவுகின்றன என்று நான் நம்பிச் சொல்லக்கூடிய வழி இதுதான். புழுவும் பொறிவண்டும் கண்ணில் படவில்லையென்றால் நீரைப் பீய்ச்சி அடித்து அசுவினியைத் தள்ளிவிட்டு ஒரு வாரம் காத்திருக்கலாம்.

பூண்டை நட்டால் ரோஜாவுக்கு நோயே வராது என்பது போன்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. துலுக்கச் சாமந்தியின் வேரில் நூற்புழுவைத் தாக்கும் பொருள் இருப்பது உண்மை; ஆனால் நிலம் முழுவதும் அடர்த்தியாக ஒரு பருவம் பயிரிட்டால்தான் அதன் பயன் தெரியும். ரோஜாவுக்குப் பக்கத்தில் நான்கு சாமந்தி வைத்தால் கிடைப்பது சாமந்திப் பூ.

கவாத்தும் வளைத்துக் கட்டுதலும்

அடுத்தடுத்துப் பூக்கும் ரகங்களைக் குளிர்நாட்டில் உறைபனிக் காலம் முடிந்து மொட்டுகள் பருக்கும்போதும், வெப்பநாட்டில் குளிர்ந்த பருவம் தொடங்கும் தறுவாயிலும் கவாத்து செய்வது முறை. ஹைப்ரிட் டீயைப் போலக் கட்டையாக வெட்டத் தேவையில்லை. காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகியவற்றை அடியோடு நீக்கி, மிகப் பழைய தண்டுகளில் ஒன்றிரண்டைத் தரைமட்டத்தில் அறுத்தெடுத்து, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்தால் போதும். ஒருமுறை பூக்கும் ரகங்கள் பழைய மரத்தில் பூப்பவை. அவற்றைப் பூத்து முடிந்தவுடன் கவாத்து செய்யாமல் பருவ முடிவில் வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டியதாகும்.

ஒட்டுச்செடியில், ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி (ஒட்டுக்கு வேராக அமைந்த அடிச்செடி) தளிர்விட்டால் அதைக் கத்தரியால் நறுக்கக் கூடாது. அடியில் எஞ்சிய கணுக்களிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளம்பும். மண்ணை விலக்கி, தளிர் வேரிலிருந்து புறப்படும் இடத்தைக் கண்டு, கையுறை அணிந்த கையால் கீழ்நோக்கி ஒரே இழுப்பாகக் கிழித்தெடுக்க வேண்டும். ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று சொல்வார்கள். நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை உண்டு என்பதால், எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் பார்ப்பது நல்லது. தரைமூடிச் செடிகள் இருக்கும் பாத்தியில் இந்தத் தளிர்கள் ஒரு முழம் வளரும்வரை கண்ணில் படாது என்பது உள்வட்டத்தைக் காலியாக வைக்க இன்னொரு காரணம்.

நீண்ட, துவளும் கிளைகளை விடும் ரகங்களுக்கு வெட்டுவதைவிட வளைப்பது மேல். நிமிர்ந்து நிற்கும் கிளையில் நுனிமொட்டு மற்ற மொட்டுகளை அடக்கி வைத்திருப்பதால் பூவெல்லாம் உச்சியில் மட்டும் வரும். அதே கிளையை மெல்ல வளைத்து, ஏறத்தாழப் படுக்கை நிலையில் கட்டிவிட்டால் அந்த அடக்குமுறை தளர்ந்து, கணுவுக்குக் கணு பூத்தளிர் கிளம்பும். இங்கிலாந்தின் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில், ஹேசல் குச்சிகளை வில்லாக வளைத்துத் தரையில் ஊன்றி, புதர் ரோஜாவின் நீண்ட கிளைகளை அவற்றில் கட்டுவது பெயர் பெற்ற முறை. வளையக்கூடிய எந்தக் குச்சியும், இரும்புக் கம்பியும்கூட இதற்கு ஆகும். பருவத்தின் புதுக்கிளை முற்றியதும், முறியும் அளவு காய்ந்துவிடாமலும் இருக்கும்போது வளைக்க வேண்டும். அடியிலிருந்து கையை நகர்த்திக்கொண்டே ஒரு சாண், ஒரு சாணாக வளைத்தால் முறியாது. கட்டுவதற்குச் சணல் போதும், இறுக்கக் கூடாது. வளைத்த கிளைகள் விரிந்த கூடை போல நிற்பதால் நடுப்பகுதிக்கு வெயிலும் காற்றும் தடையின்றி இறங்கும். அந்த வில்களுக்கு வெளியே நட்ட ஜெரேனியம் பூக்கும் நாளில் உள்ளே ஏறி வந்து கலந்துகொள்ளும்.

மூன்றாம் ஆண்டில் பாத்தி நிறைந்துவிடும், அப்போது முதன்முறையாகத் துணைச்செடிகளைக் குறைக்கும் வேலை வரும். நெப்பெட்டா, ஜெரேனியம், நெமரோசா சால்வியா மூன்றையும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து, வெளிப்புறத்து இளந்துண்டுகளை மட்டும் மறுபடி நட்டு, நடுவிலுள்ள கட்டையைக் கழித்துவிட வேண்டும். தோண்டும்போது மண்வெட்டியின் முகம் ரோஜாவின் பக்கம் திரும்பாமல், அதன் முதுகு ரோஜாவைப் பார்த்து இருக்கும்படி பிடித்தால் வேர் அறுபடுவது குறையும். பிரித்த துண்டுகளை நடுமுன் பழைய கயிற்றை எடுத்து வட்டத்தை மறுபடி வரைந்துகொள்வது என் வழக்கம், ஏனென்றால் மூன்று ஆண்டுகளில் ரோஜாவும் வளர்ந்திருக்கும், 40 செ.மீ. என்று போட்ட உள்வட்டம் இப்போது 50 ஆக வேண்டியிருக்கும்.